ஷீபாவின் பெயரை எழுதிப் போட்டேன்

புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களும் விபத்தில் தப்பியவர்களும் நின்று சாட்சி சொன்ன இடம் இது. இங்கே வந்து, நான் பொறாமையிலிருந்து பிழைத்தேன் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சிரிக்காதீர்கள் சகோதரிகளே. அதுவும் ஆளை உருக்கிப் போடுகிற நோய்தான். ஆண்டவர் என்னைத் தூக்கி எடுத்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் பெயர் எஸ்தர். இறையியல் கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் படிப்பில் கடைசி வருடத்துக்கு முன்னால் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் உண்டு. ஆளுக்கொரு சபைக்கு அனுப்புவார்கள். அங்கே ஓர் ஆயரின் கீழ் வேலை பழக வேண்டும். மாதம் ஒரு பிரசங்கம், வீடு சந்திப்பு, பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி. திங்கட்கிழமைதோறும் என்ன செய்தோம், என்ன கற்றோம் என்று அறிக்கை எழுதி, ஆயரிடம் கையெழுத்து வாங்கிக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். எந்தச் சபை வேண்டும் என்று நாம் கேட்க முடியாது.

ஜூன் முதல் வாரத்தில் பட்டியல் ஒட்டினார்கள். என் அறைத்தோழி ஷீபாவுக்குத் திண்டுக்கல் டவுனில் பெரிய சபை. எனக்குக் குஜிலியம்பாறைக்கும் அந்தப் பக்கம், பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டிய ஒரு கிராமம். அவளுக்குக் கிரேக்கப் பாடம் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அந்தப் பட்டியலின் முன்னால் நின்று அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னேன். உள்ளே பற்றி எரிந்தது.

அன்றிலிருந்து என் ஜெபமெல்லாம் கணக்குக் கேட்பதாகவே இருந்தது. ஏன் ஆண்டவரே அவள்? நான் எதில் குறைந்தேன்? அவள் சபையில் பாடகர் குழு, திரை, நேரலை. என் முதல் பிரசங்கத்தின் நடுவில் கரண்ட் போனது. முன்வரிசைப் பாயில் இருந்த பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். எங்கள் ஆயர் நான்கு ஊர்ச் சபைகளுக்கு ஒரே ஆள். பைக்கை அணைக்காமலே என் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

ஷீபாவின் முதல் பிரசங்கத்தைப் போனில் மூன்று தடவை பார்த்தேன். தப்புக் கண்டுபிடிக்கத்தான். ஓர் இடத்தில் வேதாகமத்தில் நெகேமியா புத்தகத்தை எடுக்கத் தெரியாமல் தடுமாறினாள். அன்று முழுக்க எனக்கு நிம்மதி. அடுத்த மாதம் தடுமாறாமல் பேசினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கமும் போனது. யாரிடம் சொல்வது? ஊழியத்துக்கு வந்த பெண் இன்னொருத்தியைப் பார்த்துப் பொருமுகிறாள் என்று எந்த வாயால் சொல்வது? "எனக்கு அழைப்பு இல்லை, படிப்பை விட்டுவிடுகிறேன்" என்று கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

எங்கள் சபைப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை பகலில் உபவாச ஜெபத்துக்குக் கூடும்போது ஆளுக்கொரு சீட்டில் ஒரு பெயரை எழுதித் தூக்குவாளியில் போடுவார்கள். பிறகு ஆளுக்கொன்று எடுப்பார்கள். எடுத்தவருக்கு மட்டும் எழுதியவர் காரணத்தைச் சொல்வார். பதில் கிடைக்கிறவரை அந்தப் பெயருக்காகத் தினமும் ஜெபிக்க வேண்டும். பாதியில் சீட்டைத் திருப்பிப் போடக் கூடாது. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுப்பது என் வேலை.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஷீபாவின் படம் வந்தது. அவளுக்குச் சால்வை போடுகிறார்கள். அதே சூட்டோடு ஒரு சீட்டில் "ஷீபா" என்று எழுதி வாளியில் போட்டேன். ஆண்டவரே, இவளைக் கொஞ்சம் இறக்கும் என்பதுதான் என் வேண்டுதல். மறைக்க ஒன்றுமில்லை, அப்படித்தான் கேட்டேன்.

அந்தச் சீட்டை எடுத்தது பாக்கியம் அக்கா. முருங்கைத் தோட்டத்தில் காய் ஒடிக்கப் போகிறவர். பிடிவாதக்காரி.

"யாரு தாயி இந்தப் புள்ள? என்ன கஷ்டம் அதுக்கு?" என்று காதருகே கேட்டார்.

"என்கூடப் படிக்கிறவக்கா. சோறு இறங்க மாட்டேங்குது, தூக்கம் வரல. மனசு விட்டுப் பேச ஒருத்தரும் இல்ல" என்றேன். என் கஷ்டத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அக்கா கேட்டார். "அந்தப் புள்ள இப்ப சாப்புடுதா? போன் போட்டியா?" நான் தலையாட்டி மழுப்பினேன். ஆறு வாரம் போனது. அக்கா ஷீபாவின் பெயரைச் சொல்லிக் கண்ணீர் விட்டு ஜெபித்தார். இங்கேயும் அவளேதானா என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்!

ஏழாவது வாரம் அக்கா வேலைக்குப் போகாமல் என் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காயும் தூக்குவாளி நிறையச் சோறும் குழம்பும்.

"கெளம்பு தாயி. அம்புட்டுத் தூரமா திண்டுக்கல்லு? நேர்ல பாத்துட்டு வந்துருவோம்."

எவ்வளவோ சாக்குச் சொன்னேன். கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என் பொய் வெளியே வராமல் காப்பாற்றும் என்று ஜெபித்தேன். வேடசந்தூர் தாண்டியபோது அந்த ஜெபமே எனக்கு அருவருப்பாக இருந்தது. முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். "ஆண்டவரே, என்னால் இதற்கு மேல் எரிய முடியாது. இதை எடுத்துவிடும். எப்படியாவது எடுத்துவிடும்." ஜூனிலிருந்து நான் பண்ணிய ஒரே உண்மையான ஜெபம் அதுதான்.

ஆலயத்துக்குப் பின்னால் இருந்த அறையில் ஷீபா தனியாக இருந்தாள். மெலிந்து போயிருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏந்தாயி, சோறு எறங்க மாட்டேங்குதாமே? தூக்கமும் இல்லையாமே? ஆறு வாரமா ஒம் பேரச் சொல்லித்தான் முழங்கால் போடுறேன்."

ஷீபா அக்காவையே பார்த்தாள். பிறகு உடைந்து அழுதாள்.

"யாருக்கா சொன்னது? நான் யாருகிட்டயும் சொல்லலியே!"



அழுகைக்கு நடுவில் அவள் சொன்னாள். அவளுக்கு அங்கே மேடை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. யாரும் அவளைத் தங்கள் வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை. அறிக்கையில் வீடு சந்திப்பு என்ற கட்டத்தைக் காலியாகவே அனுப்புகிறாள். ஒரு நாள் எங்கள் பேராசிரியர், எல்லாரும் இப்படி எழுதுங்கள் என்று என் அறிக்கையை அவளுக்குக் காட்டியிருக்கிறார்.

"பக்கம் பக்கமா எழுதிருந்த எஸ்தர். யாரு வீட்ல என்ன சோறு, என்ன வெஞ்சனம்னு கூட எழுதிருந்த. எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒனக்குப் போன் பண்ணவே மனசு வரல."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அக்கா, நான் சொன்னது பொய். இவளுக்கு இப்படின்னு எனக்குத் தெரியாது. அது என்னோட கஷ்டம். இவமேல பொறாமையிலதான் பேரு எழுதினேன்" என்றேன்.

அக்காவின் முகத்தில் கோபம் தெரிந்தது. பிறகு வாளியைத் திறந்தார்.

"நீ பொய் சொன்னத நாளைக்கி வச்சுக்குறேன். இப்ப ரெண்டு பேரும் கையக் கழுவுங்க. எம் புருசனுக்குக்கூட வைக்காம அம்புட்டயும் அள்ளிட்டு வந்துருக்கேன்."

ஒரே தட்டில் சாப்பிட்டோம். அன்று இரண்டு பேருக்கும் சோறு இறங்கியது.

இவளை இறக்கும் என்று கேட்ட ஜெபத்துக்கு ஆண்டவர் என்னை இறக்கிப் பதில் சொன்னார். சீட்டில் இருந்த பெயரையும் அவர் படித்தார், எழுதிய கையையும் பார்த்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

அடுத்த வெள்ளிக்கிழமை, வேதாகமத்துக்குள் இருந்த அந்தக் கடிதத்தை வெட்டிச் சீட்டுகளாக்கினேன். நடந்ததை மறைக்காமல் திங்கட்கிழமை அறிக்கையில் எழுதினேன். ஆயர் அன்றுதான் பைக்கை அணைத்துவிட்டு முழுவதும் படித்துக் கையெழுத்துப் போட்டார். நவம்பர்வரை ஷீபா வாரம் ஒரு நாள் எங்கள் ஊருக்கு வந்து என்னோடு வீடு சந்தித்தாள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. பாக்கியம் அக்கா அவளுக்கு முதலில் குழம்பு ஊற்றியபோது எனக்கு மறுபடியும் சுருக்கென்றது. இப்போது அப்படி வந்தால் உடனே அவளிடமே சொல்லிவிடுகிறேன். சொன்னால் பாதி அடங்கிவிடுகிறது.

சகோதரிகளே, யாருடைய பெயரைக் கேட்டால் உங்கள் வயிறு எரிகிறதோ, அந்தப் பெயரை இந்த வெள்ளிக்கிழமை எழுதிப் போடுங்கள். சீட்டின் பின்பக்கம் உங்கள் பெயரையும் எழுதுங்கள். நான் அதை எழுதாமல் ஆறு வாரம் பட்டினி கிடந்தேன்.