பின் இருக்கையின் பெல்ட்

குழந்தைக்கான கார் சீட்டையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொன்னது நான்தான். கார் பார்க்கப் போகிறவர்கள் யாரும் அதைச் சுமந்துகொண்டு போவதில்லை என்றார் என் கணவர். சொன்னாரே தவிர, கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் படிகளில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறியவரும் அவர்தான். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, பாப்பாவுக்கு முடி வெட்டுற சேரா?" என்று கேட்டார். கார் சீட் என்றேன். "கார் எங்க?" என்றார். அதைப் பார்க்கத்தான் சிதம்பரம் போகிறோம் என்றேன். அவர் என் மகளைப் பார்த்து, "உங்கம்மா மொதல்ல கடிவாளம் வாங்கிட்டாங்க, இனிமேதான் குதிரை வாங்கப் போறாங்க" என்றார். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் அதுவரை கார் கிடையாது. முதல் கார் வாங்குகிறவர்கள் நாலு கதவு, பெரிய டிக்கி, நல்ல மைலேஜ் என்று பார்ப்பார்கள். என் கணவர் பார்த்தது ஸ்போர்ட்ஸ் கார். சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படித்த காலத்தில் விடுதி வாசலில் யாரோ நிறுத்தியிருந்த ஒன்றை அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அந்த ஆசையை என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார், ஏதோ தப்புச் செய்தவரைப் போல. வாங்கலாம் என்று நினைத்திருந்த வருடம் எங்கள் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே அவர் நின்றிருந்ததை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் காரைப் பற்றிப் பேசவே இல்லை. எதையுமே கேட்காத மனிதருக்கு ஒன்று செய்து கொடுக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. மகளுக்கு இரண்டரை வயது முடிந்ததும் நானே ஆரம்பித்தேன். புதிது நமக்குக் கட்டாது, பழையதில் பாருங்கள் என்றேன்.

என் மாமியார் விளம்பரத்திலிருந்த காரின் படத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டே கதவா? அப்ப நான் எப்படி ஏறுறது, கூரையப் பிரிச்சா?" என்று கேட்டார். முன் இருக்கையை மடக்கிவிட்டுப் பின்னால் ஏறலாம் என்று அவர் மகன் விளக்கினார். "மடக்குறது இருக்கட்டும். அப்புறம் என்னை யாரு நிமித்துறது?"

நான் படித்தவள். படித்தவர்கள் பயத்தை நோட்டில் எழுதுவார்கள். பழைய கார் வாங்குவது எப்படி என்று பார்த்த வீடியோக்களிலிருந்து முப்பத்தொரு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். நாம் போகும்போது இன்ஜின் சூடாக இருக்கிறதா? இருந்தால் எதையோ மறைக்க முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். கதவுகளின் இடைவெளி ஒரே அளவா? எத்தனை கை மாறியது? புதுச்சேரியில் பார்த்த வெள்ளி நிறக் காரில் ஒரு கதவு மட்டும் வேறு வெள்ளியாக இருந்தது. விழுப்புரத்து மஞ்சள் கார்க்காரர் பானெட்டைத் திறக்கவே விடவில்லை. மூன்றாவதாக வந்ததுதான் சிதம்பரத்துக் கார். அடர்நீலம். ஒரு ரிட்டயர்டு அதிகாரியின் வீட்டில் நின்றது. மகனுடைய வண்டி, மகன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் அண்ணன் அந்த ஞாயிற்றுக்கிழமை பைக்கில் நேராக வந்து வண்டியைப் பார்ப்பதாக ஏற்பாடு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. ஒரு அவசர வண்டி வந்துவிட்டது, ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன் என்று அண்ணன் போனில் சொன்னார். வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், கார் ஷெட்டோடு கூடிய பழைய வீடு. அந்த வீட்டு அம்மா என் மகளைப் பார்த்ததும் இடுப்பில் வாங்கிக்கொண்டார். ஷெட்டுக்குள் எலுமிச்சை வாசனை. வண்டியைக் கழுவி வாசனை அடித்து வைத்திருந்தார்கள். என் கணவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தார். எதையும் திருகவில்லை, அழுத்தவில்லை. சும்மா வைத்திருந்தார். என் முப்பத்தொரு கேள்விகளில் இரண்டைத்தான் கேட்டேன்.

நாலு மணிக்கு என் மாமியார் போன் செய்தார். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், பிடித்திருந்தால் அதற்குள் முன்பணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள் என்றார். அந்த வீட்டுக்காரரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அண்ணன் வருவதற்கோ ஐந்து மணி ஆகும். ராகு காலத்தில் பேசினால் கூடி வருவதும் கூடாது. ஆறு மணி வரை காத்திருந்தால் ரயில் போய்விடும். இதை யாரும் வாய்விட்டு விவாதிக்கவில்லை, எல்லோருக்குமே தெரிந்ததுதான். நாலே காலுக்கு வெற்றிலைத் தட்டில் வைத்து முன்பணத்தைக் கொடுத்தோம். இனி வர வேண்டாம் என்று என் கணவர் அண்ணனுக்குச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் கார் சீட்டைப் பின்னால் வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தது. அதைக் கட்ட வேண்டுமானால் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். பெரியவர்கள் யாரும் அந்த பெல்ட்டை அவ்வளவு தூரம் இழுக்க மாட்டார்கள். ஒரு முழம் வரை கருப்பாக, சுத்தமாக வந்தது. அப்புறம் கொஞ்சம் கரகரத்தது. கடைசியில் வெளியே வந்த பகுதியில் குறுக்காக ஒரு சாம்பல் நிறக் கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் கருப்பு, மறு பக்கம் வெளிறிய கருப்பு. விரலில் மாவு போல ஏதோ ஒட்டியது.

"காபி ஆறுது, வாம்மா" என்று அந்த அம்மா கூப்பிட்டார். பெல்ட்டை விட்டேன், அது மெல்ல உள்ளே போய்விட்டது. நான் போய்க் காபி குடித்தேன். எனக்குக் குங்குமம் கொடுத்தார். என் மகளுக்கு ஒரு சின்ன வெள்ளரிப்பிஞ்சு. காபி குடித்து, குங்குமம் வாங்கிய வீட்டில், உங்கள் வண்டி தண்ணீரில் கிடந்ததா என்று எப்படிக் கேட்பது?

ரயிலில் திரும்பும்போது என் கணவர் பேசிக்கொண்டே வந்தார். ஷிப்டு முடிந்து வந்தால் நாலே வார்த்தை பேசுகிறவர். வண்டியை எங்கே நிறுத்துவது, மழைக்கு என்ன கவர் போடுவது, முதல் பயணம் எங்கே. நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு: பயந்தவள். அது சும்மா வந்த பெயரில்லை. மகளுக்கு மூச்சுத் திணறுகிறது என்று ஆட்டோ பிடித்து ஓடி, விக்கல் என்று டாக்டர் சொல்லித் திரும்பி வந்திருக்கிறேன். காஸ் கசிகிறது என்று பக்கத்து வீட்டையும் சேர்த்து வெளியே நிறுத்தியிருக்கிறேன். அழுகிய முட்டைக்கோஸ் அது. அதனால் நாலு நாள் என்னோடு நானே வாதாடினேன். பழைய பெல்ட் அப்படித்தான் இருக்கும். யாரோ எதையோ கொட்டியிருப்பார்கள். இவள் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கவும் விடமாட்டாள் என்று அவர் நினைத்துவிட்டால்? நினைக்க மாட்டார். நினைத்தாலும் சொல்ல மாட்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு புடவையை எடுத்தேன். ஒரு மழை வருடத்தில் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது இரண்டு நாள் நனைந்து கிடந்தது. எத்தனை முறை அலசியும் தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு கோடு போகவே இல்லை. அந்தத் தண்ணீர் வெறும் ஈரத்தோடு போகாது. மாவு போல ஒரு வண்டலை மடிப்புகளில் விட்டுவிட்டுத்தான் போகும். கடலூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சுவரிலும் கதவிலும் அரிசி டப்பாவிலும் அதைத் தேய்த்திருக்கிறோம். புடவையை விரித்து அந்தக் கோட்டில் விரலை வைத்தேன். இது விக்கல் இல்லை என்று தெரிந்துவிட்டது.

வாசலில் அவர் கார் நிறுத்த இடம் செய்துகொண்டிருந்தார். பூந்தொட்டிகள் எல்லாம் ஒரு ஓரமாகப் போயிருந்தன. கையில் மண்ணோடு நிமிர்ந்தார். நான் பெல்ட்டைப் பற்றிச் சொன்னேன். புடவையையும் காட்டினேன். இந்த வண்டி நமக்கு வேண்டாம் என்றேன்.

"அன்னிக்கே பாத்தியா?"

"பாத்தேன்."

"அங்கயே ஏன் சொல்லல?"

"காபி குடிச்சிட்டோம். முன்பணமும் குடுத்துட்டோம். உங்க முகத்தப் பாத்தேன், சொல்ல முடியல."

"நாலு நாளா நான் பேசிட்டே இருந்தேன். நீ கேட்டுட்டே இருந்த." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "மச்சானக் கூப்பிடு" என்றார்.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் மகளோடு போனோம். மறுபடியும் காபி வந்தது. அண்ணன் முதலில் வண்டியைப் பார்க்கிறேன் என்று கும்பிட்டுவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். பின் இருக்கையின் மெத்தையைக் கழற்றினார். அடியில் விரித்திருந்த கார்ப்பெட்டைத் தூக்கினார். உள்ளே காய்ந்து வெடித்த வண்டல், ஒரு அப்பளத்தின் கனத்துக்கு. முன் இருக்கைகளின் அடியில் கம்பியெல்லாம் செந்துரு. வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். பிறகு அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

அவருக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்த யாருக்கும் அது புரிந்திருக்கும். மகன் சென்னையில் யாரிடமோ இரண்டாம் கையாக வாங்கியதாம். அவனுக்கும் அதுதான் முதல் கார். "அமாவாசை, நல்ல நாள், இன்னிக்கே முடிச்சிடுடான்னு நான்தான் போன்ல சொன்னேன்" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அண்ணன் நிதானமாக விளக்கினார். இன்ஜினைப் பிறகு யாரோ நன்றாகப் பிரித்துச் செய்திருக்கிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏர்பேகுக்கான கம்ப்யூட்டர் பெட்டியும் அதன் ஒயர்களும் கீழே, இந்தத் துருவுக்குள்தான் இருக்கின்றன. "ஓடும் மாப்ள. நல்லாவே ஓடும். ஆனா முட்டுனா அது விரியுமா விரியாதான்னு எவனும் சொல்ல முடியாது. சும்மா போறப்பவே விரிஞ்சாலும் விரியும். ஏர்பேக் பெட்டி, ஒயரு, பெல்ட்டு எல்லாம் மாத்தணும்னா பாதி வண்டி வாங்குற செலவு. பாப்பாவ வச்சிக்கிட்டு நான் ஓட்ட மாட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்."

எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் காரின் கூரைமேல் கையை வைத்திருந்தார்.

"வேணாம் சார்" என்றார். "எங்க வீட்ல வேணாம்னுட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவர் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், அவ்வளவுதான். வேண்டாம் என்றது நான்தானே.

வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போய் முன்பணத்தை அதே தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பழக்க தோஷத்தில் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "திருப்பித் தர்றதுக்கும் நேரம் பாக்கணுமா சார்?" என்றார் அண்ணன். அந்த அம்மாதான் முதலில் சிரித்தார். விளம்பரத்தை எடுத்துவிடுகிறோம், இனி வந்து கேட்பவர்களிடம் உள்ளதைச் சொல்லித்தான் கொடுப்போம் என்றார். மகனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று அவர்கள் இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

நாங்கள் கிளம்பும்போது வீட்டுக்காரர் சாவியை என் கணவரிடம் நீட்டினார். "ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க தம்பி. ஆசையா வந்தீங்க."

அவர் சாவியை வாங்கவில்லை. என்னைப் பார்த்தார். அண்ணன் பிரேக்கையும் டயரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பைபாஸில் வண்டி திருப்ப வரும் முதல் இடம் வரை மெதுவாகப் போய்வரலாம் என்றார். "பாப்பா எங்கிட்ட இருக்கட்டும். நீயும் போ."

பிறந்ததிலிருந்து என் மகளை நான் யாரிடமும் விட்டுவிட்டு ஒரு தெரு தாண்டியதில்லை. அண்ணனிடம் தண்ணீர் பாட்டில் எந்தப் பையில் இருக்கிறது என்று சொன்னேன். அந்த அம்மா அன்றும் கொடுத்திருந்த வெள்ளரியை முழுசாகக் கையில் கொடுக்காதே என்றேன். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நானும் ரெண்டு புள்ள வளத்தவன்தான், ஏறு" என்றார்.

ஏறினேன். இருக்கை தரையோடு தரையாக இருந்தது. தெருவில் நடப்பவர்களின் முழங்கால்களும் மாடுகளின் வயிறும் என் கண் மட்டத்தில் போயின. ஸ்டார்ட் செய்ததும் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய மிருகம் கனைத்தது போலிருந்தது. சந்திலும் வீதியிலும் அவர் ஆட்டோக்களுக்குப் பின்னால் பொறுமையாக ஊர்ந்தார். ஊர் தாண்டி பைபாஸில் ஏறியதும் காலைக் கொஞ்சம் அழுத்தினார். கொஞ்சம்தான். நான் இருக்கையோடு ஒட்டிக்கொண்டேன். கை தானாகக் கதவுப் பிடியைத் தேடிப் பிடித்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

"பரவால்ல. போங்க" என்றேன்.

"நெஜமாவா?"

"ம்."

இரண்டு பக்கமும் வயல்கள் ஓடின. அவர் முகம் கல்லூரிக்காரன் முகமாக இருந்தது. வருத்தமும் இருந்தது, அதை மறைக்கவில்லை.

"நல்லா இருக்குல்ல?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். பொய் இல்லை.

சாலையின் நடுவில் வண்டி திரும்புவதற்கான முதல் திறப்பு வந்தது. அண்ணன் சொன்ன தூரம் அதுவரைதான். அவர் திருப்பவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த திறப்பு வரை போனோம்.