முன்படுக்கையில் எட்டு ஃபெண்டர்கள்

எங்கள் பாய்மரப் படகு இருபத்திரண்டு அடி. எங்கள் என்றால், நானும் என் நண்பரும். கஞ்சிக்கோட்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நான் ஸ்டோர்ஸ், அவர் மெஷின் ஷாப். ஓய்வு பெற்றதும் நான் எலப்புள்ளியில் இருந்த குடும்பத் தோப்பைப் பார்க்கத் தொடங்கினேன். அவர் பிறந்த இடமான இடுக்கி மலைக்கே திரும்பிப் போய், அணை நீர்த்தேக்கத்தின் கரையில் பயணிகள் தங்க நாலு அறை கட்டினார். கொச்சியில் ஒருவர் விற்ற பழைய படகை இருவருமாக வாங்கி, லாரியில் ஏற்றி, அந்தத் தண்ணீரில் இறக்கினோம். அனுமதிக்கு அலைந்தவர் அவர். படகில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணி வைத்தவன் நான்.

எண்ணியதில் ஃபெண்டர்கள் எட்டு. படகு துறையில் உரசாமல் இருக்க அதன் விலாவில் கயிறு கட்டித் தொங்கவிடும், காற்றடைத்த உருளைகள். என் மனைவி முதல் தடவை பார்த்தபோதே அவற்றுக்குக் கொளவி என்று பெயர் வைத்துவிட்டாள். அம்மிக் குழவி அளவுதான் இருக்கும், ஆனால் குழவியைப் போல அடங்கி ஒரு மூலையில் கிடக்காது. துறையை விட்டுக் கிளம்பியதும் எட்டையும் எங்கே வைப்பது என்பது பெரிய பாடு. பின்பக்கத்து இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி உண்டு. நங்கூரமும் கயிறும் பெட்ரோல் கேனும் போக அதில் ஒரு ஃபெண்டர்கூட நுழையாது. காற்றை இறக்கிச் சுருட்டி வைத்தால் துறைக்குத் திரும்பும்போது எட்டுக்கும் காற்றடிக்க வேண்டும்.

"பின்னாடி கம்பியில வரிசையாக் கட்டி விட்ருவோம்ணே. எல்லாவனும் அப்படித்தான் வெச்சிருக்கான்" என்பார் நண்பர்.

"வெயில்ல வெடிச்சுப் போயிருமுங்க தம்பி. கொரங்கு வேற கடிச்சு வெச்சிரும்."

"நடுத்தண்ணியில கொரங்கு என்ன, நீந்தியா வரும்? துறையில நாலு லாரி டயர் கட்டிக் கெடக்கு. எட்டு எதுக்குண்ணே? இது படகா, பெண்டர் கடையா?"

டயர் வெள்ளை உடம்பில் கறுப்புக் கோடு போடும் என்பேன். பக்கத்துக்கு மூன்று, உபரி இரண்டு, ஆக எட்டும் வேண்டும் என்பேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். ஃபெண்டர்கள் முன்படுக்கைக்குப் போகும். நான் இல்லாத நாட்களில் படகு கரையில் உரசாமல் தள்ளி நங்கூரத்தில் நிற்கும், அப்போதும் அவை அங்கேதான்.

படகின் மூக்குக்கு உள்ளே, இரண்டு பக்கமும் குவிந்து வரும் இடத்தில், மெத்தை போட்ட ஒரு படுக்கை இருந்தது. மேலே சதுரமாக ஒரு கண்ணாடி மூடி. என் மனைவிக்கு அந்த இடத்தின் மேல்தான் ஆசை. வேறெதுவும் அவள் கேட்டதில்லை. பாய் விரிப்பதோ ஓட்டுவதோ அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு ராத்திரி அங்கே படுத்து, தண்ணீர் பலகையில் தட்டுவதைக் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஏனுங்க, கொளவிக்கு மெத்தை, நமக்குப் பலகையா?" என்று கேட்டாள்.

"அடுத்த தடவை ஒழிச்சுக் குடுக்கறேன்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அடுத்த தடவை என்பதும் எளிதல்ல. எலப்புள்ளியிலிருந்து அங்கே போகக் கேரளத்தைவிட்டு வெளியே வந்து கேரளத்துக்குள்ளேயே நுழைய வேண்டும். கோபாலபுரம் சோதனைச்சாவடி, பொள்ளாச்சி, உடுமலை, பிறகு காட்டு வழியில் ஏற்றம். அவளுக்கோ மூட்டு வலி. கோடையில் தண்ணீர் இறங்கிவிட்டால் வழுக்கும் செம்மண் சரிவில் இறங்கித்தான் படகுக்குப் போக முடியும். அணை நிரம்பி, படகு கரையின் மட்டத்துக்கு ஏறி வரும் நாட்களில் மட்டும் அவள் ஒரே எட்டில் உள்ளே கால் வைக்கலாம். அது ஐப்பசியை ஒட்டித்தான் அமையும்.

மூன்று வருடத்துக்கு முன் அப்படி அமைந்தது. அணை தளும்பிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜையும் சேர்ந்து வந்ததால், படகுக்குப் பூஜை போட்டுவிட்டு அன்றிரவு அங்கேயே படுப்பது என்று பேச்சு. அவள் வீட்டிலிருந்தே துவைத்த போர்வை கொண்டுவந்திருந்தாள். நண்பர் ஒரு கை, நான் ஒரு கை பிடிக்க, உள்ளே கால் வைத்தாள். நேராக முன்படுக்கையைத்தான் எட்டிப் பார்த்தாள். காலையிலேயே எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தேன். மெத்தையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினாள்.

"அக்கா, இன்னிக்கு நீங்கதான் கேப்டன் ரூம்ல" என்றார் நண்பர்.

"கேப்டனைக் கொளவியோட பின்னாடி படுக்கச் சொல்லுங்க" என்றாள்.

ஃபெண்டர்களை மேல்தளத்தில் பரப்பிச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். சுக்கானுக்கும் மோட்டாருக்கும் ஸ்பேனர் பெட்டிக்கும் வைத்தேன். எட்டாவது ஃபெண்டருக்கு வைத்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது. மலை மழை, கேட்டுக்கொண்டு வராது. குங்குமம் கரைந்து ஓடினால் அபசகுனமாகப் போகுமே என்று பதறிப்போய், எட்டையும் இரண்டிரண்டாக உள்ளே தூக்கிப் போனேன். ஸ்பேனர் பெட்டியையும் தூக்கினேன். நனையாத சுத்தமான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்கே வரிசையாக அடுக்கி, தலைமாட்டில் சாமி படத்தைச் சாய்த்து, முன்னால் பொரி, கடலை, பழம் வைத்தேன். நண்பர் கற்பூரம் காட்டினார். மூவரும் குனிந்தபடியே கும்பிட்டோம். அங்கே நிமிர்ந்து நிற்க இடமில்லை.

தட்டைக் கீழே வைத்த பிறகுதான், அவள் போர்வையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் எடுக்கும்வரை அசைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அரிவாள்மனையைப் பூஜையில் வைத்துவிட்டு, அன்றைக்குக் காய் நறுக்க முடியாமல் தயிர்சோறு தின்றிருக்கிறோம்.

"எடுத்து வெளிய வெச்சிரலாம் அக்கா. சாமி என்ன, கணக்கா எடுக்குது? அதுக்கும் எங்க அண்ணன்தான் வேணும்" என்றார் நண்பர்.

"வெச்சது வெச்சதுதானுங்க தம்பி" என்றேன்.

"அப்ப நடுப்பலகையில படுங்க அக்கா. சாமிக்குக் காலை நீட்டாம, தலையை அந்தப் பக்கம் வெச்சுக்கோங்க."

"அங்க கண்ணாடி இல்லீங்களே" என்று சிரித்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். போர்வையை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், பையில் வைத்தாள். வெளிச்சம் இருக்கும்போதே மூவரும் நண்பர் வீட்டுக்கு ஏறிவிட்டோம்.

காலையில் பூஜையை எடுத்தோம். படுக்கை காலியானது. "இன்னிக்கு ஒரு ராத்திரி இருந்துட்டுப் போலாமுங்களா?" என்று கேட்டாள். மழை விடவில்லை. மண் சரிந்தால் பாதை அடைத்துவிடும், தோப்பில் தேங்காய் வெட்டு வேறு பாக்கி, என்றெல்லாம் சொல்லி நான்தான் காரைக் கிளப்பினேன். மண் எங்கும் சரியவில்லை. கிளம்புவதற்கு முன் ஃபெண்டர்களைத் துடைத்து மறுபடி முன்படுக்கையில்தான் வைத்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த வருடம் அணை நிரம்புவதற்குள் அவள் வீட்டு வாசலில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பில் அறுவை. ஊன்றுகோல் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறாள், அதுவே பெரிய காரியம். ஆடுகிற படகில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நண்பருக்கும் கண்ணில் பார்வை மங்கிவிட்டது. இந்த வருடம் படகை ஆலப்புழைக்காரர் ஒருவருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தோம்.

சாமான்களை ஒப்படைக்க நான் கிளம்பும்போது, கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "நீங்களாச்சும் அதுல ஒருக்காப் படுத்துப் பாத்துட்டு வாங்க."

போனதும் முதல் வேலையாக எட்டு ஃபெண்டரையும் எடுத்துப் பின்கம்பியில் கட்டினேன். ஒரு கம்பிக்கு நாலு. கொஞ்சமும் இடைஞ்சல் இல்லாமல் தொங்கின. நண்பர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போய் முன்படுக்கையில் படுத்தேன். எனக்கு முழங்காலை மடக்க வேண்டியிருந்தது. அவள் என் தோள் உயரம். அவளுக்கு அளந்து செய்ததுபோல் இருந்திருக்கும். தண்ணீர் காதுக்குப் பக்கத்திலேயே, பலகைக்கு அந்தப்புறம், மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, லாரி வந்துருச்சு" என்று நண்பர் கூப்பிடும்வரை படுத்திருந்தேன்.

வீடு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் கேட்டாள். "படுத்தீங்களா?"

"படுத்தேன்."

"தண்ணி கேட்டுதுங்களா?"

"கேட்டுது. காதுகிட்டயே கேட்டுது."

"மேல கண்ணாடியில என்ன தெரிஞ்சுது?"

"கண்ணாடியைச் சுத்திப் பன்னெண்டு திருகாணி இருக்குது. ரெண்டு துரு புடிச்சிருச்சு."

"செரிங்க. கண்ணாடிக்கு அந்தாண்ட?"

யோசித்துப் பார்த்தேன். மேகமா, வெயிலா, கரையில் நிற்கும் மரத்தின் கிளை ஏதாவது தெரிந்ததா, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.