ஊருணிக்கரையில் இல்லாத வண்டு

என் அம்மாவின் தம்பி, அதாவது என் அம்மான், ஒரு பொய்யர். அந்தப் பொய்யைத் தன் வாயால் சொல்லத் துணிவில்லாமல், ஒன்பது வயதுப் பெண்ணான என்னைச் சொல்லவைத்தவர்.

கொத்தமங்கலத்தில் அவர் வீட்டு மாடி பீரோவில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே பஞ்சின்மேல் ஒரு வண்டு. கறுப்பு, மூன்று கொம்பு, என் உள்ளங்கையை அடைத்துக்கொள்ளும். மலாயாவில் கடை வைத்திருந்த ஐயா, அம்மாவின் அப்பா, கப்பலில் கொண்டுவந்தது. நிஜமாகவே செத்ததுதானா என்று ஈர்க்குச்சியால் பலமுறை குத்திப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் தேக்கு பர்மா, கண்ணாடி பெல்ஜியம். உள்ளூர்ச் சரக்கு நாங்கள் மட்டும்தான்.

மதுரையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தார். பெரிய வண்டுகள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்று வரைபடத்தில் புள்ளி வைப்பது அவர் வேலை. எங்கள் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. அம்மானுக்குப் பொறுக்கவில்லை. பேப்பரில் ஊர் பேர் வரவேண்டும், கூடவே தன் படமும். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏத்தா, ஊருணிக்கரை மருதமரத்துல நீதான் புடிச்சேன்னு சொல்லு. சின்னப்பிள்ளை சொன்னா நம்புவாக."

சொன்னேன். அந்த அக்கா டின்னை முகர்ந்து பார்த்தார். "பாச்சை உருண்டை வாசம் வருதே?"

"எங்க வீட்ல எல்லாத்துக்கும் அந்த வாசந்தான். வேணும்னா என்னைய மோந்து பாருங்க," என்றார் அம்மான். அக்கா சிரித்துவிட்டார். பிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"இது மழைக்காட்டு வண்டும்மா. இந்தக் காஞ்ச பூமிக்கு எப்படி வந்துச்சு? நெசமா நீதான் பாத்தியா?"

தலையாட்டினேன். கொத்தமங்கலத்தின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது.

கூத்து என்னவென்றால், மறுநாளே நான் அந்த மரத்தடிக்கு ஓடினேன். இவ்வளவு படித்தவர் புள்ளி வைத்தாரென்றால் வண்டு இருக்கத்தானே வேண்டும்? பட்டையை உரித்தேன், மட்கிய சருகைக் கிளறினேன். மரவட்டையும் கட்டெறும்பும்தான் வந்தன. மழை பெய்தபோதெல்லாம் அக்காவும் வந்தார். இருவரும் சேர்ந்தே தேடினோம். எனக்கு அது விளையாட்டு. அவருக்கு அது பட்டம் என்று எனக்குத் தெரியாது. ஒரு பொய்ப் புள்ளி மற்ற எல்லாப் புள்ளிகளையும் பொய்யாக்கிவிடும் என்பதும் தெரியாது.

இரண்டாவதாக ஒரு வண்டுகூடக் கிடைக்காததால் பல்கலைக்கழகத்தில் அவர் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புள்ளியை அவரே கற்பனையாக வைத்தார் என்று பேசினார்கள். அவர் ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். இத்தனை வருஷம் கழித்து, போன மாதம்தான் அவரைத் தேடிக் கண்டுபிடித்து நடந்ததைச் சொன்னேன், எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அம்மானோ வீட்டை ஓட்டலாக்கி, வாசலில் 'எங்கள் ஊர் வண்டு' என்று படம் மாட்டியிருக்கிறார். கேட்கிறவர்களிடம், "அது எங்க அக்கா மக சின்னப்பிள்ளையில வெளையாட்டாச் சொன்னது," என்கிறாராம்.

அம்மான், என் பங்கை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். இந்த வருஷம் முன்னோருக்குப் போடும் படைப்புக்கு உங்கள் பங்காளிகள் எல்லாரும் கூடுவார்கள். அந்த அக்காவையும் அழைத்து வருகிறேன். அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தது யார்?