லா பாஸ் போய்வந்த இருதயமேரி

“ஏழு, எட்டு… எங்க ஒம்போது? ஏம்மே, வெத்தலக் கடையாண்ட இன்னா பேசிக்கினு கீற, வா ஜல்தி.”

காலை ஆறு மணிக்கு வளவனூர் கடைத்தெருவில் இருதயமேரி ஆள் எண்ணுகிறார். வாயால் மட்டும் எண்ணுவதில்லை. ஒவ்வொருத்தியின் இடது தோளையும் தொட்டு எண்ணி, கடைசியில் தன் நெஞ்சில் கைவைத்து, “என்னியும் சேத்து” என்று முடிப்பார். எண்ணிக்கை சரியாக வந்தால்தான் நடை தொடங்கும்.

களையெடுக்க, நாற்று நட, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்க என்று சுற்றுப்பட்டுக் காடுகளுக்கெல்லாம் பெண்களைக் கூட்டிப் போகிற மேஸ்திரி அவர். வயது ஐம்பதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஒல்லியான உடம்பு, குரல்தான் பெரிது. நாலு வயல்கொல்லை தாண்டி நிற்கிறவளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, பக்கத்தில் இருப்பவரிடமும் இறங்கி வராது. மாதா கோயிலில் சாமியார் காதில் அவர் சொல்லும் பாவசங்கீர்த்தனம் மூன்றாவது பெஞ்சு வரைக்கும் கேட்கும் என்பார்கள். “கேக்கட்டுமே, புதுசா ஒண்ணும் பண்ணல” என்பது அவருடைய பதில்.

இந்தக் குரலுக்காகத்தான் போன வருஷம், எண்பத்தேழில், கூலிப் பெண்கள் சங்கம் அவரைத் தேர்ந்தெடுத்தது. தென் அமெரிக்காவில், பொலிவியா நாட்டு லா பாஸ் நகரில் பல தேசத்து விவசாயக் கூலிப் பெண்கள் கூடும் மாநாடு. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்து இவரையும் சேர்த்துப் பத்துப் பெண்கள். டிக்கெட்டும் இங்கிலீஷும் பார்த்துக்கொள்ளக் கூடவே கன்னியாஸ்திரி ஜெயம் சிஸ்டர். மேடையில் பேச வேண்டியவர் இருதயமேரி.

மொத்தம் ஐந்து விமானங்கள். சென்னை, பம்பாய், பிராங்க்பர்ட், கராகஸ், லீமா, அப்புறம் லா பாஸ். பெயர்களை அவர் மனப்பாடம் செய்யவில்லை. எல்லாமே அவருக்கு ‘ஸ்டாண்டு’தான். “மூணாவது ஸ்டாண்டுல பட்டன அமுக்குனா தண்ணி மேல பீச்சுது. நாலாவது ஸ்டாண்டுல ஒரே வேர்வ” என்று சொல்வார். தன் பழைய கிளிப்பச்சைப் புடவையைக் கிழித்து எல்லாருடைய பையிலும் ஒரு துண்டு கட்டிவிட்டிருந்தார். பிராங்க்பர்ட்டில் தோள் தொட்டு எண்ணியபோது ஒன்று குறைந்தது. வயல்காட்டில் கொடுக்கிற அதே கூவலைக் கொடுத்தார். கழிப்பறையிலிருந்து சின்னபொண்ணு ஓடி வந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு போலீஸ்காரர்களும் ஓடி வந்தார்கள். “அவங்களயும் சேத்து பதிமூணு ஆச்சு” என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

திண்டிவனத்துப் பக்கத்துக்காரியான இந்தச் சின்னபொண்ணுக்கு ஏறிய விமானத்திலெல்லாம் வாந்தி. லீமாவில், கடைசி விமானத்துக்கு அழைப்பு வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன உட்டுடு யக்கா. நான் இப்படியே நடந்து ஊருக்குப் போயிடறேன்.”

சிஸ்டர் கெஞ்சினார். மற்றவர்கள் அதட்டினார்கள். கதவடியில் நின்ற பணிப்பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். இருதயமேரி மட்டும் பையை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“சரி, வா, நானும் வர்றேன். ரெண்டு பேரா நடக்கலாம். வழியில கடல் மட்டும் கீதாம். சிஸ்டரக் கேட்டுட்டேன், பாலம் இல்லியாம்.”

அழுகைக்கு நடுவே சின்னபொண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவளைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டார்.

லா பாஸ் விமான நிலையம் பதின்மூவாயிரம் அடி உயரத்தில், காற்று மெலிந்த மலைமேல் இருக்கிறது. இறங்கிப் பத்து அடி நடந்ததும் இருதயமேரிக்கு நெஞ்சு இறுகியது, கண் இருட்டியது. எண்ணத் தொடங்கியவர் நாலிலேயே நின்றுவிட்டார். குரல் காற்றாக வந்தது. வாந்தி எடுத்தே வந்த சின்னபொண்ணுக்கோ ஒன்றுமில்லை. விடுதியில் இரண்டு நாளும் அவள்தான் இவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஊர்க்காரர்கள் கொடுத்த இலைக் கஷாயத்தை ஊட்டினாள். ஊரையே எழுப்பும் குரல் போய்விட்டதே என்று இருதயமேரி சத்தமில்லாமல் அழுதாராம்.

“வேற யாரையாச்சும் பேசச் சொல்லு சிஸ்டர், என்னால ஆவாது” என்றார்.

“நீதான் பேசுற. முதுவ நான் புடிச்சிக்கினு நிக்கிறேன்” என்றாள் சின்னபொண்ணு.

மூன்றாம் நாள் மேடையில் அப்படியே நின்றார்கள், ஒருத்தி பேச, ஒருத்தி தாங்க.

“எங்க ஊர்ல வெயிலு… எல்லாருக்கும் ஒண்ணுதான்.” மூச்சு. “குனிஞ்சா முதுவு… எல்லாருக்கும் ஒரேமாரிதான் வலிக்குது.” நீண்ட மூச்சு. “கூலி மட்டும்… ஆம்பளக்கி ஒண்ணு, பொம்பளக்கி ஒண்ணு.”

அவ்வளவுதான் முடிந்தது. சிஸ்டர் அதை மொழிபெயர்த்தார். முன்வரிசையில் உருண்டைத் தொப்பி வைத்த மலைநாட்டுப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒட்டுமொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது.

“நான் மூச்சு வாங்க நின்னேன். அவுங்க நான் அழுவறேன்னு நெனச்சிக்கினாங்க. அது வரிக்கும் நல்லதாப் போச்சி” என்கிறார்.

மலையிறங்கியதும் குரல் திரும்பிவிட்டது. ஊருக்கு வந்த பிறகு வளவனூரில் அவரிடம் கதை கேட்காதவர் இல்லை.

அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் பார்க்கப் போன அன்று வேங்கடேசன் என்பவருடைய கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இருதயமேரிக்கு இருபது வருஷமாக வேலை கொடுக்கிற நிலக்காரர் அவர். உச்சி வேளையில் அவர் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, “இன்னா மேரி, ஏரோப்ளேன் கத ஊருக்கெல்லாம் சொல்றியாம். எனக்குச் சொல்லமாட்டியா?” என்றார். மோட்டார் கொட்டகையிலிருந்து தனக்கு மட்டுமே போட்டிருந்த மர நாற்காலியைத் தானே தூக்கிவந்து மேரியின் முன்னால் வைத்து, “உக்காந்தே சொல்லு” என்றார்.

பிடுங்கிய செடியும் கையுமாகப் பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இருதயமேரி கையிலிருந்த மண்ணை உதறினார். நாற்காலியைத் தூக்கி, கொல்லையில் இருந்த பெண்களைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டார். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, நாலு கொல்லைக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

“மெட்ராஸ்ல ஏறுனமா…”