சுவருக்கு வடக்கே பிடித்த இடம்

ஆனியில், மீனவர்களின் புனிதரான இராயப்பர் திருவிழா முடிந்த மறுநாள் காலை, ராயபுரம் கரையில் கருவாடு போடும் பெண்கள் கூடையோடு ஓடுவார்கள். எந்த இடத்தில் யாருடைய கூடை முதலில் கவிழ்கிறதோ, அடுத்த திருவிழா வரை அந்த இடம் அவளுக்கு. நடுவில் மாற்றுகிற பேச்சே கிடையாது.

அறுபத்தெட்டில் சிலுவையம்மாள் ஓடிய ஓட்டத்தைக் கரையே பார்த்தது. புருஷன் ஹென்றி துறைமுகத்தில் மூட்டை சரிந்து, இடுப்பு ஒடிந்து படுத்த வருஷம் அது. இனி இவள் காயவைக்கிற கருவாட்டில்தான் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். அந்தக் கோடையில் எவரோ ஒரு முதலாளி கரையின் தென்பக்கம் தென்னை உயரத்துக்குக் கிடங்குச் சுவர் எழுப்பியிருந்தார். சுவருக்கு வடக்கே ஒட்டினாற்போல் இடம் பிடித்தால், தென்காற்று மணலை வாரிப் போடாது. வெயிலோ பொழுதுக்கும் கொட்டும். அதைவிட நல்ல இடம் ஏது? அடுத்த வீட்டு ஐரீனும் அதற்குத்தான் ஓடினாள். ஒரு கை அகலத்தில் சிலுவையம்மாளின் கூடை முந்திக்கொண்டது. ஐரீன் மண்ணை வாரித் தூற்றினாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

ஆடியிலும் ஆவணியிலும் சிலுவையம்மாளின் கருவாடு ஒரு துளி மணல் ஒட்டாமல் கலகலவென்று காய்ந்தது. கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது, ஏறாதா பின்னே? பிறகு மழை பிடித்தது. வானம் மூடிக் கிடக்கும்போது நிழல் எங்கே விழுகிறது என்று யார் பார்க்கிறார்கள்?

மார்கழியில் மேகம் விலகியது. கரை முழுக்கப் பளீரென்று வெயில். அவள் இடம் மட்டும் இருண்டு கிடந்தது. பொழுது ஏறினால் சரியாகிவிடும் என்று நெத்திலியைப் பரப்பிவிட்டு உட்கார்ந்தாள். உச்சிப்பொழுதும் வந்தது. சூரியன் சுவருக்குப் பின்னாலேயே நடந்து போய்விட்டது. அவள் எழுந்தாள். நேரே கிடங்குக் காவல்காரர் அலி அக்பரிடம் போனாள்.

"பாய், ராவோட ராவா செவுத்த ஒசத்திட்டாங்களா?"

"ஒரு கல்லுகூட வைக்கலம்மா. கட்னது கட்ன மாதிரிதான் கீது."

மார்கழிப் பொழுது தெற்கே சாயும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? பிறந்தது முதல் அந்த வெயிலில் கிடந்தவள். ஆனால் திறந்த கரையில் அது எந்தப் பக்கம் சாய்ந்தால்தான் என்ன? மறைக்க அங்கே என்றைக்கும் ஒன்றும் இருந்ததில்லை. இனிப் பங்குனி வரை இந்தப் பக்கம் வெயில் எட்டிப் பார்க்காது. நெத்திலி அன்று சாயங்காலமே நாறத் தொடங்கியது. அதன் பக்கத்திலேயே பேயறைந்தவள் போல உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது ஐரீன் வந்து நின்றாள்.

"அக்கா, நாளைக்கு உன் கூடைய என் எடத்துக்கு எடுத்துகினு வா. பாதியில நீ போட்டுக்க."

ஆறு மாதமாக முகம் கொடுக்காதவள் கூப்பிட்டதும் சிலுவையம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாடி திடீர்னு?"

ஐரீன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இராயப்பருக்கு மெழுகுவத்தி ஏத்தி நான்தான் வேண்டிக்கினேன்கா. உன் எடத்துல வெயிலே வுழக் கூடாதுன்னு. கோவத்துல சொன்னேன். அவரு மெய்யாலுமே செய்வாருன்னு நான் கண்டனா?"

சிலுவையம்மாள் நாறும் நெத்திலியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். தன்னைவிடப் பயந்து போயிருந்த ஐரீனின் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பவே போயி மாத்தி வேண்டிக்கவாக்கா?"

"வெயிலுக்கு வாணாம்டி," என்றாள் சிலுவையம்மாள். "நீ சொன்னா இராயப்பரு கேக்கறாருல்ல, எங்கூட்டுக்காரரு இடுப்புக்கு வேண்டிக்க."