தண்ணீர் வரும் என்று எழுதிவைத்த ஆறு

விதி இதுதான்: அணையில் இருப்பு போதுமானதாக இருந்தால், ஆடி பதினெட்டன்று மக்கள் நீராடத் தண்ணீர் திறந்துவிடக் கோரும் மனுக்களைப் பெற்று, பரிந்துரையுடன் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கையேட்டிலும் இது அச்சாகவில்லை. அச்சாகாததால்தானோ என்னவோ, இதற்கு யாரும் விலக்குக் கேட்டதுமில்லை. பாசனக் கோட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த காலமெல்லாம், ஆனி பிறந்ததும் அந்த மனுக்களுக்கென்று ஒரு கோப்பைத் திறப்பேன். கோப்பு திறந்தால் மதகு திறக்கும். உலகத்து ஆறுகள் அனைத்துக்கும் இது பொருந்தும் என்ற நம்பிக்கையோடுதான் ஓய்வுபெற்றேன்.

இப்போது இருப்பது சுவிட்சர்லாந்தில், நான்கு பக்கமும் மலை சூழ்ந்த ஒரு கிராமத்தில். வாசலைத் தாண்டினால் ஆறு. ஆற்றில் தண்ணீர் கிடையாது. வெள்ளைக் கற்கள் மட்டும் ஒழுங்காக உறங்குகின்றன. ஆனால் கரை நெடுக மஞ்சள் பலகைகள். துரத்தி வரும் அலைக்கு முன்னால் ஒரு மனிதன் ஓடுவதுபோல் படம். நல்ல வெயிலிலும் திடீரென வெள்ளம் வரலாம் என்று மூன்று மொழிகளில் எச்சரிக்கை. வந்த முதல் வாரம் இதை என் மனைவி பழனியம்மாளுக்கு விளக்கினேன். அவள் கற்களைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, வரும்னு எழுதி வெச்சுப்போட்டு வராம இருந்தா எப்புடிங்க?"

மேலே ஒரு மின்சாரக் கம்பெனி ஆற்றை அணையில் பிடித்து, மலையைக் குடைந்து குழாய் வழியாக அடுத்த பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோகிறது. சட்டப்படி விட வேண்டிய மிச்ச நீரை விட்டுவிடுகிறார்கள். அதில் கணுக்கால் நனையாது.

எங்கள் மகள் கோகிலா இங்கே மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். மருமகன் இத்தாலிக்காரர். அவருடைய பாஸ்போர்ட்டின் புண்ணியத்தில், மனைவியின் பெற்றோர் என்ற வகையில் எங்களுக்கும் தங்கும் அனுமதி கிடைத்தது. தொடர்ந்து ஆறு மாதம் வெளியே இருந்தால் அந்த அனுமதி காலாவதியாகிவிடும். இதை முதலில் படித்தவன் நான். முதலில் கவலைப்பட்டவனும் நானே. ஏனென்றால் பழனியம்மாளுக்கும் இந்த ஊருக்கும் நடுவே ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஆடி பதினெட்டன்று பெண்கள் தாலிக் கயிற்றை மாற்றிப் புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். பழையது ஓடும் தண்ணீரில் போய்விட வேண்டும். கல்யாணமான நாள் முதல் அவளுக்கு அது ஜேடர்பாளையத்துக் காவிரிதான். தடுப்பணையைத் தாண்டி வரும் தண்ணீரில் இடுப்பளவு நின்று, பழைய கயிற்றைப் பூவோடு சேர்த்து விடுவாள். கரையில் மீன் வறுக்கும் வாசனை வரும். ஈரப் புடவையோடு, "வாங்க, மீன் வாங்கலாம்" என்பாள். இங்கே வந்த முதல் ஆடியில் சமையலறைக் குழாயடியில் கயிறு மாற்றினாள். பழையதை என்ன செய்வது? இந்த நாட்டில் குப்பைக்கு ஆறு வகைப் பைகள் உண்டு. தாலிக் கயிற்றுக்கு ஏழாவது பை கிடையாது. பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். அன்றிலிருந்து, "இங்க என்னங்க இருக்குது" என்பது அவளுடைய தினசரிப் பேச்சாயிற்று.

அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது என்று நாமக்கல்லிலிருந்து உறவினர்களும் செல்பேசியில் கேட்டபடி இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன். விடுமுறை வாய்த்தபோதெல்லாம் கோகிலா எங்களை ஏற்றி இறக்கிய இடங்கள் இவை. ஒவ்வோர் இடத்துக்கும் பழனியம்மாளின் கைப்பையில் அந்த டப்பாவும் வந்திருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

லாட்டர்புருன்னன் என்றொரு பள்ளத்தாக்கு. இரு பக்கமும் செங்குத்துச் சுவர். உச்சியிலிருந்து வெள்ளை நூல்களாக அருவிகள் இறங்குகின்றன. ஸ்டாப்பாக் என்ற அருவி பாதி வழியிலேயே தண்ணீராக இருப்பதை மறந்து புகையாகிவிடுகிறது. காற்று அடிக்கும் பக்கம் சாய்ந்து, கீழே நிற்பவர்களின் கண்ணிமையில் வந்து உட்காருகிறது. கொல்லிமலையின் ஆகாய கங்கைக்குப் படியிறங்கிப் போகும்போது, அருவி தெரிவதற்கு வெகுமுன்பே அதன் இரைச்சல் காலில் ஏறும். இங்கே அருவி கண்ணெதிரே இருக்கிறது. சத்தம் எங்கோ பின்தங்கி வருகிறது. பகல் கனவைப் போல நின்றுகொண்டிருந்தேன். பழனியம்மாள் அண்ணாந்து வெகுநேரம் கணக்குப் போட்டாள்.

"கீழ உழுகறதுக்குள்ள காத்தாப் போயிருதுங்க. இதுல எதையாச்சும் உட்டா நம்ம தலை மேலயே வந்து உழுகும்."

அலெட்ச் பனியாற்றுக்குக் கம்பியில் தொங்கும் பெட்டியில் போனோம். மேகத்துக்குள் நுழைந்து மேகத்துக்கு மேலே வந்தபோது, கீழே மலைகளுக்கு நடுவில் வளைந்து கிடந்தது. கறுப்புக் கோடுகள் இழுத்த பெரிய வெள்ளைச் சாலை. இதுவும் ஆறுதான், ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் என்று விளக்கினேன்.

"போயிச் சேர எத்தன நாளாகுமுங்க?"

"நம் காலத்தில் சேராது."

"அப்ப அரசாங்க மனு மாதிரியா?" என்றாள். அலுவலகத்தில் இப்படிப் பேசிய யாரையும் நான் விட்டுவைத்ததில்லை.

சரித்திரம் வேண்டுபவர்களுக்குச் சில்லோன் கோட்டை. ஜெனீவா ஏரியின் ஓரத்தில் ஒரு பாறை மேல், தண்ணீரில் மிதப்பதுபோல் நிற்கிறது. நிலவறைத் தூண்களில் ஏரியின் வெளிச்சம் நெளிகிறது. சிறைக்குக்கூட இவ்வளவு அழகு தேவையா என்று தோன்றும். நம் சங்ககிரிக் கோட்டையில் வாசல் வாசலாக ஏறி உச்சிக்குப் போனால் காற்றும் ஆடுகளும் நம்மை வரவேற்கும். நாமக்கல்லில் ஊர் நடுவே ஒரே பாறை, அதன் தலையில் கோட்டை. கீழே லாரிகள் ஹார்ன் அடித்தபடி அதைச் சுற்றி வருகின்றன. இரண்டையும் பார்க்க நான் டிக்கெட் எடுத்த நினைவில்லை. இங்கே டிக்கெட் உண்டு. பதிலுக்கு எல்லாம் துடைத்து வைத்திருக்கிறார்கள். பழனியம்மாள் ஏரியை எட்டிப் பார்த்து, "கட்டிக் கெடக்கற தண்ணி ஆவாதுங்க" என்றாள். எதற்கு ஆகாது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கடைசியாக ஆரே பள்ளம். மலையை ஆறு வாளால் அறுத்ததுபோன்ற பிளவு. பாறையில் பொருத்திய மரப்பாலத்தில் நடக்கலாம். தலைக்கு மேலே வானம் ஒரு நாடா அளவு. கீழே பச்சையும் சாம்பலும் கலந்த தண்ணீர் முறுக்கிக்கொண்டு ஓடுகிறது. பழனியம்மாள் நின்றாள். கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"எதையும் ஆற்றில் போடக்கூடாது."

"பிஞ்சு போன நூலுங்க. யாரு பாக்கப் போறா?"

"பார்ப்பதும் பார்க்காததும் வேறு விஷயம். விதி இருக்கிறது."

டப்பாவை மூடி, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் அந்த வெள்ளைக் கற்களைக் காட்டினாள். "சரிங்க. அந்தத் தண்ணி அடுத்தவங்க தண்ணி. நம்மூட்டு வாசல்ல இருக்கற ஆத்துலயே உடறேன். தண்ணிக்கு நீங்க ஏற்பாடு பண்ணுங்க. ஊருக்கெல்லாம் தண்ணி உட்ட ஆபீசரக் கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு நாளு உட முடியாதுங்களா? இந்த ஆடிக்கும் வரலைன்னா, ரெண்டு கயித்தயும் எடுத்துக்கிட்டு ஜேடர்பாளையத்துக்கே போறேன். அப்பறம் திரும்பி வாரதா இல்லீங்க."

"அம்மா, இதென்னங்கம்மா பேச்சு" என்றாள் கோகிலா.

"உனக்கு ஆஸ்பத்திரி இருக்குது கண்ணு. அப்பாவுக்குச் சட்டம் இருக்குது. எனக்கு என்ன இருக்குது, சொல்லு."

அன்றிரவே மனு எழுதினேன். பொருள், பார்வை, வேண்டுகோள் எல்லாம் முறைப்படி. கோகிலா ஜெர்மனில் பெயர்த்தாள். ஊர் மக்கள் சார்பில் என்றால் ஊரார் கையெழுத்தும் வேண்டும். பக்கத்து வீட்டு வ்ரேனி, எண்பதைத் தாண்டிய தனிக்கட்டை, கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு முறை படித்தார்.

"ஆறு திரும்பி வருகிறதா?"

"ஒரு நாளைக்கு மட்டும்."

சிறுவயதில் அந்த இரைச்சலில் தூங்கிப் பழகியவராம். அது நின்ற பிறகு பல மாதங்கள் தூக்கம் வரவில்லையாம். "ஒரு நாளாவது" என்று அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

கிராம அலுவலகம் வழியாக அனுப்புவதே முறை. அங்கிருந்த பெண் அன்பாக வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் ஒரு குழாய்க்காரர் வந்தார். சமையலறைக் குழாயைத் திறந்தார், மூடினார், குளியலறைக்கும் போய் வந்தார். தண்ணீர் நன்றாகத்தானே வருகிறது என்றார். எங்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதை அலுவலகம் அந்த அளவுக்குப் புரிந்துகொண்டிருந்தது. நேராகக் கம்பெனிக்கே பிரதி அனுப்பினேன். நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு. பதில் இல்லை.

ஆடி பதினெட்டு காலை கற்கள் வழக்கம்போலக் கிடந்தன. பழனியம்மாள் குளித்து, புடவை கட்டி, படுகையில் இறங்கினாள். பலகையின் எச்சரிக்கையை மீறி அவளுக்குப் பின்னால் நானும் இறங்கினேன்; என் வாழ்நாளில் தெரிந்தே மீறிய விதி அது ஒன்றுதான். வ்ரேனி தன் மாடத்துத் தொட்டியிலிருந்து சிவப்புப் பூக்களைப் பறித்து வந்து கரையில் நின்றார். பழனியம்மாள் புதுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, சோதனைக்கு ஒரு பூவை அந்தச் சிறு நீரில் விட்டாள். பூ முதல் கல்லில் முட்டி நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் காத்தும் நகரவில்லை.

"இது ஓடறதில்லீங்க. ஒழுகறது."

கழுத்திலிருந்து எடுத்த கயிற்றையும் டப்பாவில் போட்டு மூடினாள். ஆவணி பிறந்ததும் அவளுக்கு டிக்கெட் எடுத்தோம்.

அதன்பிறகு இந்த மலைகள் எனக்கு மட்டும் தெரிந்தன. தினமும் அவளை அழைப்பேன். பேச்சை அவள் தொடங்குவது ஒரே கேள்வியில்தான்: "பதில் வந்துச்சுங்களா?" இல்லை என்பேன். பிறகு கரண்ட், மழை, முட்டை விலை. புரட்டாசியில் ஒருநாள் பின்னணியில் பெரும் இரைச்சல் கேட்டது. ஜேடர்பாளையத்தில் நிற்கிறாள், காவிரி கரை தொட்டு ஓடுகிறது என்றாள்.

"விட்டுவிட்டாயா?"

"ஒண்ண உட்டுட்டேனுங்க."

"இன்னொன்று?"

தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள். "அது அந்த ஊருக் கயிறுங்க. அங்கத்திப் பனியும் குளிரும் ஒரு வருசம் பட்டது. அதப் போயி எப்புடிங்க காவேரில உடறது? டப்பாவுலயே இருக்கட்டும்."

இங்கே பனி விழத் தொடங்கியது. வெள்ளைக் கற்கள் இன்னும் வெள்ளையாயின. பிறகு ஆறு எது, கரை எது என்று தெரியாமல் போயிற்று. மஞ்சள் பலகையில் ஓடும் மனிதன் மட்டும் கழுத்தளவு பனியில் நின்றான். ஆறு மாதக் கெடுவில் பாதிக்கு மேல் போயிருந்தது.

அப்படி ஒரு காலையில் கம்பெனியின் கடிதம் வந்தது. அணையின் அடியில் சேரும் சரளையை அடித்து வெளியேற்ற சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மதகைத் திறப்பது வழக்கம். இதுவரை இலையுதிர் காலத்தில் செய்தோம். வரும் ஆண்டு தாங்கள் குறிப்பிட்டுள்ள நாளில் திறக்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. முதலில் சங்கு ஒலிக்கும். படுகையில் இறங்கலாகாது, பாலத்தின் மேல் நிற்கவும். பருத்தி நூலையும் பூக்களையும் பற்றி எங்களுக்குச் சொல்ல எதுவுமில்லை.

கோகிலா அதை இரண்டு முறை படித்துச் சொன்னாள். வ்ரேனியிடம் காட்டினேன், அவர் சன்னலைத் திறந்து பனியைக் காது கொடுத்துக் கேட்டார். நாமக்கல்லில் அப்போது மத்தியானம். செல்பேசியை எடுத்தேன், கீழே வைத்தேன். வந்த தபாலில் பெறப்பட்ட நாளைக் குறிக்காமல் அடுத்த வேலைக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை. பேனாவைத் திறந்து, கடிதத்தின் வலது மூலையில் எழுதினேன்: மார்கழி இரண்டு.