வல்லம் வடகாலில் சுவரைப் பார்த்து நின்ற ஆடுகள்

வேலையை விட்டுவிட்டுப் பால் ஆடு வளர்க்கலாமா என்று நானும் என் மனைவியும் யோசித்துக்கொண்டிருந்தோம். 2013, மாம்பழ சீசன். ஜூஸ் கம்பெனிக் கழிவையும் மூலிகைத் தழையையும் போட்டே ஒன்பது ஆடுகளைக் கறக்கிறார் என்று வல்லம் வடகால் பவானியைப் பற்றி நண்பர் ஒருவர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன்.

தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக ஒரகடத்துக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, பத்து ரூபாய். (தண்ணீர் கொண்டுபோங்கள். வழியில் கடையோ நிழலோ கிடையாது.)

"ஆட்டுக் கொட்டாயா? தோ, அந்த கம்பெனி மதிலை ஒட்டியே போ சார்" என்று ஓட்டுநர் இறக்கிவிட்டார்.

அகலமான புதுச் சாலையில் ஆளே இல்லை. பட்டப்பகலில் தெருவிளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஒரே சுருதியில் இரைந்தது. புது ஆளைக் கண்டால் ஆடுகள் கத்தும். கொட்டகை வாசல்வரை போயும் ஒரு சத்தமில்லை. கள் வாடை மட்டும் அடித்தது. அதன்பின் காதில் விழுந்தது, கல்லோடு கல் உரசுவதுபோல் நறநறவென்று ஒரு ஓசை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆடுகள் தரையில் கிடந்தன. மற்ற ஏழும் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து அசையாமல் நின்றன. பல்லைக் கடிக்கும் ஓசைதான் அது. கூப்பிட்டேன், ஒன்றுகூடத் திரும்பவில்லை.

தண்ணீர்க் குடத்தோடு வந்த பவானி குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். மூலையில் டிரம் கவிழ்ந்து கிடந்தது. காயவைப்பதற்காக வைத்திருந்த மாம்பழச் சக்கை அதில் புளித்துப்போயிருந்தது.

"மொத்தமும் துன்னுகீதுங்க சார். வவுத்துல கைய வச்சிப் பாருங்க, தண்ணி மாரி குலுங்குது."

சுக்கும் ஓமமும் அரைத்த உருண்டையை எடுத்தார். அவர் போனிலிருந்து நான் அழைத்த கால்நடை மருத்துவர் தடுத்தார்: புளித்த சக்கையால் வயிற்றில் அமிலம் ஏறியிருக்கிறது, இதற்கு மூலிகை போதாது, சமையல் சோடாவைக் கரைத்துக் கொடுங்கள், உடனே வருகிறேன். நான் தாடையைப் பிடித்துக்கொள்ள, பவானி புரையேறாமல் பாட்டிலால் மெல்ல மெல்லப் புகட்டினார்.

"கம்பெனி லைன் வேலைய வுட்டுட்டு இதுங்கள நம்பித்தான் சார் கீறேன்."

கிடந்த இரண்டும் மருத்துவர் வருவதற்குள் செத்துப்போயின. மற்றவற்றுக்கு ஊசி போட்டார். சாயங்காலம் ஒரு கறுப்பு ஆடு முதலில் சுவரைவிட்டு நகர்ந்தது. எங்கள் இருவருக்கும் மூச்சு வந்தது. அது தள்ளாடியபடி நேராக டிரம்மிடம் போய், அடியில் ஒட்டியிருந்த சக்கையை நக்க நாக்கை நீட்டியது. பவானி பாய்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "வேணாம்டி... வேணாம்டி..."

ஆடு வளர்க்க நினைப்பவர்களுக்கு: பழக் கழிவைப் புதிதாகவே போடுங்கள், காய்ந்த தீவனம் தின்ற பிறகு, கொஞ்சமாக. மிச்சத்தை ஆடு எட்டாத இடத்தில் பூட்டிவையுங்கள். முருங்கை, வேப்பந்தழை எல்லாம் சத்துக்குத்தான், மருந்துக்கு இல்லை. ஆடு பல்லைக் கடித்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நாங்கள் அந்த ஆண்டு ஆடு வாங்கவில்லை. பவானி ஆடு வளர்ப்பதை விடவில்லை, மிஞ்சிய ஏழையும் தேற்றிக் கறக்கிறார். பார்க்க வருகிறவர்களை முதலில் கொட்டகைக்குப் பின்னால், அந்த இரண்டையும் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போகிறார். அங்கே கொஞ்ச நேரம் நிற்கவைத்த பிறகுதான் ஆடுகளைக் காட்டுகிறார்.